புகைக்குப் போட்ட மாத்திரை

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கம்பி இழுக்கும் ஆலை ஒன்றில் எனக்கு வேலை. கம்பியை இழுப்பவர்கள் வேறு ஆட்கள். அவர்களிடம் போவதற்கு முன்னால் கம்பியின் மேல் படிந்திருக்கும் துருவையும் கருப்புச் செதிலையும் எடுத்துக் கொடுப்பது எங்கள் பகுதி. சுருள் சுருளாக வரும் கம்பியை மேலே ஓடும் கொக்கியில் மாட்டி, ஆசிட் தொட்டிக்குள் இறக்குவோம். பொங்கி நுரைக்கும். துரு கழன்றதும் தூக்கித் தண்ணீரில் அலசி, சுண்ணாம்புத் தண்ணீரில் முக்கி எடுத்தால், கம்பி திருநீறு பூசியது போல வெளுத்துப் போய் நிற்கும்.

தொட்டிகளுக்கு நடுவே ஓர் ஆள் நடக்கிற அகலத்தில் ஓட்டை ஓட்டையாக ஒரு நடைபலகை உண்டு. எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும். அதில் நிற்கும்போது கண் மேலே கொக்கியின் மீது இருக்க வேண்டும். சுருள் ஆடினால் ஆசிட் தெறிக்கும். அதனால் கீழே பார்க்க முடியாது. கால்தான் தானாக வழி பார்த்துக்கொள்ள வேண்டும். இத்தனை வருஷம் என் கால் அதைப் பார்த்துக்கொண்டது. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரிந்தது பிற்பாடுதான்.

வேலை தொடங்கும் முன் ஆளுக்கொரு வெல்லக்கட்டி கொடுப்பார்கள். தூசியிலும் புகையிலும் நிற்கிறவர்களுக்கு வெல்லம் கொடுப்பது இந்தப் பக்கம் வழக்கம். தொண்டையைக் கழுவிக்கொண்டு போகும் என்று சொல்வார்கள். அது கம்பெனி கொடுப்பது. அதோடு நாங்களாக வைத்துக்கொண்ட இன்னொரு வழக்கமும் இருந்தது. ஹெல்மெட் மாட்டும் ஆணிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா தொங்கும். அதற்குள் கேஸ் மாத்திரை அட்டை இருக்கும். வயிற்றில் ஆசிட் சுரப்பதைக் குறைக்கிற மாத்திரை. புதுவாயல் கூட்டுரோட்டில் ஒரு மருந்துக் கடையில் கேட்டால் டாக்டர் சீட்டு இல்லாமலே எடுத்துக் கொடுப்பார்கள். தீர்ந்துபோனால் யாராவது வாங்கி வந்து போடுவோம். முதலில் மாத்திரை, பிறகு வெல்லம், அதற்குப் பிறகுதான் காலில் ரப்பர் கம்பூட்ஸ்.

தொட்டியிலிருந்து எழும் புகை மூக்கு வழியாக உள்ளே போகிறது. உள்ளே போனது வயிற்றில் இறங்கும். வயிற்றில் ஏற்கெனவே ஆசிட் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் குடல் வெந்துவிடும். இதுதான் எங்கள் எல்லாருக்கும் இருந்த எண்ணம். உழைத்துப் பழசான ஆசிட்டில் சுண்ணாம்பைக் கொட்டி அடக்கிய பிறகுதான் அதை வெளியே அனுப்புவோம். தினமும் அந்த வேலையைச் செய்கிறவர்களுக்கு, வயிற்றில் இருப்பதையும் அப்படியே அடக்கிவிட வேண்டும் என்று தோன்றியதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. வேறு பகுதி ஆட்கள் இந்த மாத்திரையை வயிறு எரிந்தால் போடுவார்கள். நாங்கள் எரியாமல் இருக்கும்போதே போட்டோம். முகமூடி மாதிரி, கையுறை மாதிரி.

என்னோடு அதே பலகையில் நிற்கும் கூட்டாளி சூளூர்ப்பேட்டைப் பக்கத்துக்காரன். வீட்டில் தெலுங்கு, வேலையில் எங்கள் தமிழ். என்னைவிடச் சின்னவன். ஆனால் பெரியவர், சின்னவர் எல்லாரும் அவனுக்கு நைனாதான். நான் அந்தப் பகுதிக்கு வந்த முதல் நாள் அவன்தான் அட்டையை நீட்டினான்.

“இன்னா நைனா, மூஞ்சிய மூடிக்கினா ஆச்சா? வயித்துக்கு யாரு மாஸ்க்கு போடறது? இந்தா, போட்டுக்க.”

நான் சிரித்தபடி வாங்கிப் போட்டுக்கொண்டேன். நான் கேள்வி கேட்கிற ஆள் இல்லை. ஷேர் ஆட்டோவில் இறங்க வேண்டிய இடம் வந்தாலும், நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஆள் இறங்கும் இடத்தில் இறங்கித் திரும்பி நடந்து வந்திருக்கிறேன். நாலு பேர் செய்வதை நானும் செய்துவிட்டால் பேச வேண்டிய அவசியம் இருக்காது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து நான் பிழைத்து வந்தது பெரும்பாலும் இந்த வழியில்தான். இப்படி அந்த மாத்திரை வருஷக்கணக்காக ஓடியது.

உடம்பில் ஏற்பட்ட மாற்றம் மிக மெதுவாக வந்தது. முதலில் சாப்பாடு சாப்பிட்ட இடத்திலேயே நின்றது. காலையில் தின்ற இட்லி மதியம் வரைக்கும் நெஞ்சுக்குக் கீழே உட்கார்ந்திருப்பது போல இருக்கும். வயிறு உப்பும், ஏப்பம் வரும். புகை அதிகமாகிவிட்டது என்று நினைத்துச் சாயங்காலமும் ஒரு மாத்திரை போட ஆரம்பித்தேன். உப்புசம் கூடியது. நல்ல வேளை மாத்திரை போடுகிறோம், இல்லாவிட்டால் இன்னும் என்ன ஆகியிருக்குமோ என்று நினைத்துக்கொண்டேன். வயிற்றில் எது நடந்தாலும் பழி ஆசிட் மேல் விழுந்தது. அதற்கு மருந்து அந்த டப்பாவில் இருந்தது.

ஆரம்பாக்கத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் கிரைண்டர் போட்டு என் மனைவி மாவு அரைத்து விற்கிறாள். தெருவில் பாதி வீடுகளின் இட்லி அவள் கையில்தான் இருக்கிறது. வாய் கொஞ்சம் நீளம். எனக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவதால் எங்கள் குடும்பத்தில் கணக்கு சரியாக இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். நான் ரெண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளினேன்.

“கருவாட்டுக் கொழம்புன்னா சட்டிய வழிச்சித் துன்ற ஆளு. இப்ப மோந்து பாத்துட்டு எழுந்துக்கிற. என் கை ருசி போயிடுச்சா, இல்ல வேற எங்கனா நாஷ்டா துன்னுட்டு வர்றியா?”

“வயிறு ரொம்பினாப்பல கீதுமே.”

“எத்தினால ரொம்புச்சி? காலைல துன்ன ரெண்டு இட்லிலயா? அது இன்னும் அங்கியே குந்திக்கினு கீதா?”

விளையாட்டுக்குத்தான் கேட்டாள். உண்மையும் அதுதான். என் தட்டில் இருந்ததை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டே மறுபடியும் சொன்னாள்.

“புளிக்காத மாவ ஊத்துனா இட்லி கல்லாட்டம் வரும். உன் வயித்துல இன்னாமோ புளிக்க மாட்டேங்குது.”

“அது மாவு, இது வயிறு.”

“ரெண்டையும் நான்தான ரொப்பறேன்? எனக்குத் தெரியாதா?”

 அதற்குள் நாக்கு வழவழவென்று ஆகிவிட்டிருந்தது. மிளகாய் பட்டால் எரிந்தது. ஸ்டேஷன் மேம்பாலப் படி ஏறினால் நடுவில் நின்று மூச்சு வாங்கினேன். பேன்ட்டைப் பிடித்து நிறுத்த பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டி வந்தது. வயசாகிறது என்று சொல்லிக்கொண்டேன். கால் விரல்கள் மட்டும்தான் எனக்குப் புரியவில்லை. வெகுநேரம் குந்தியிருந்து எழுந்தால் மரத்துப் போகுமே, அந்த மாதிரி இருந்தது. எழுந்து நடந்தாலும் சரியாகவில்லை. முதலில் விரல் நுனி, பிறகு பாதம். கம்பூட்ஸ் இறுக்கம் என்று ஒரு சைஸ் பெரிதாகக் கேட்டு வாங்கினேன். பலகையில் நிற்கும்போது பக்கத்துக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொள்ளும் பழக்கம் வந்தது. அதுவரை நான் எதையும் பிடித்து நின்றதில்லை.

ஒரு நாள் சாயங்காலம் ரயிலை விட்டு இறங்கி, வயல் ஓரமாக வீட்டுக்கு நடந்து வந்தேன். வாசலில் மனைவி எதிர் வீட்டுக்காரம்மாவுக்கு மாவு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கரண்டி அப்படியே நின்றது.

“யோவ், இன்னொரு செருப்பு எங்க?”

“கால்ல தான்” என்று சொல்லிக்கொண்டே குனிந்து பார்த்தேன். இடது காலில் செருப்பு இருந்தது. வலது கால் வெறுங்கால்.

“நல்லாக் கீது கதை! டப்பு குடுத்து வாங்குன செருப்பு. ஊத்திக்கினு வந்தியா?” கிட்டே வந்து என் வாயை மோந்து பார்த்தாள். எதிர் வீட்டுக்காரம்மா சிரிப்பை அடக்க முடியாமல் தூக்குச் சட்டியோடு திரும்பிக்கொண்டார். மோந்து பார்த்த மனைவியின் முகத்தில் குழப்பம் வந்தது. அப்புறம் அவள் கண் தரைக்குப் போனது. கேட்டிலிருந்து நான் நின்ற இடம் வரைக்கும் சிமென்டுத் தரையில் சிவப்பாகத் தடம் இருந்தது.

படியில் உட்கார வைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தாள். குதிகாலில் உடைந்த பாட்டில் சில்லு ஒன்று ஏறியிருந்தது.

“வலிக்கல?”

“இல்ல.”

“புடுங்கறேன். வலிச்சா சொல்லு.”

பிடுங்கினாள். வேறு யாருடைய காலிலிருந்தோ எதையோ எடுப்பதைப் பார்ப்பது போல நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர் வீட்டுக்காரம்மா இப்போது சிரிக்கவில்லை. மஞ்சள் எடுத்து வர உள்ளே ஓடினார். மனைவி என் பாதத்தை மடியில் வைத்தபடி, விரல் விரலாகக் கிள்ளிக்கொண்டே வந்தாள். “இது தெரிதா? இது?” எதுவும் தெரியவில்லை. மரத்துப் போய் ரொம்ப நாள் ஆகிறது என்று அப்போதுதான் சொன்னேன்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மெதுவாகத்தான் கேட்டாள்.

“இந்தக் கால வச்சிக்கினாய்யா அந்தத் தொட்டி மேல நிக்கிற?”

நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கால் வழி பார்க்காவிட்டால் ஒரு நாள் பலகை தவறும். தவறினால் கீழே இருப்பது ஆசிட். அதற்குப் பயந்து சொல்லிவிட்டாலோ, அந்தப் பலகையில் நிறுத்த மாட்டார்கள். நிறுத்தவும் கூடாது. அதை விட்டால் எனக்கு வேறு வேலை தெரியாது. என் காலில் உணர்வு திரும்புமா, திரும்பாதா என்ற ஒன்றில்தான் எங்கள் பிழைப்பு மொத்தமும் நின்றது. மறுநாள் காலை மனைவி கிரைண்டரை ஓட்டவில்லை. என்னை இழுத்துக்கொண்டு இன்சூரன்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

இள வயது டாக்டரம்மா ஒருவர் இருந்தார். என்ன செய்கிறது என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் மனைவியைப் பார்த்தேன். அவள் செருப்புக் கதையிலிருந்து ஆரம்பித்தாள்.

“குடிப்பழக்கம் உண்டா?”

“நானும் அப்டித்தான் நெனச்சி மோந்து பாத்தேன் டாக்டரம்மா. அந்தத் தைரியமெல்லாம் இவருக்குக் கெடயாது. கடைல போயி கேக்கணுமே!”

டாக்டரம்மா சிரித்துவிட்டார். சர்க்கரை பார்த்தார்கள், அது இல்லை. கவை போல இருந்த ஓர் இரும்பைத் தட்டி என் கால் கட்டைவிரலில் வைத்து, அதிருகிறதா என்று கேட்டார். இல்லை. கணுக்காலில் வைத்தார். ஏதோ தூரத்தில் லாரி போவது போல லேசாக. முழங்காலில் வைத்தபோது நன்றாகத் தெரிந்தது. நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். கறி, மீன், முட்டை எல்லாம் சாப்பிடுவேனா என்று கேட்டார். இப்போதுதான் குறைந்துவிட்டது, முன்பெல்லாம் நன்றாகச் சாப்பிடுவார் என்றாள் மனைவி. “அப்ப அதுல இருந்து வரவேண்டிய சத்து ஏன் உடம்புல சேரல?” என்று அவர் தனக்குள் கேட்டுக்கொண்டது போல இருந்தது. பிறகு, “ரெகுலரா ஏதாவது மாத்திரை போடுறாரா?” என்றார்.

மனைவி பையிலிருந்து அட்டையை எடுத்து மேஜையில் வைத்தாள். “இத்தத்தான். காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. வருசக்கணக்கா.”

“வயித்துல புண்ணு இருந்துச்சா? யார் எழுதிக் குடுத்தது?”

இதற்கு மனைவிக்குப் பதில் தெரியாது. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். வெளி ஆளிடம் நான் அதுவரை பேசியதிலேயே நீளமான பேச்சு அன்றைக்குத்தான்.

“யாரும் எழுதிக் குடுக்கல. ஆசிட் தொட்டில வேலம்மா. பொக உள்ள போவும். வயித்துல கீற ஆசிட்டோட சேந்து குடலு வெந்துடக் கூடாதுன்னு... எல்லாருமே போடுவோம்.”

அவர் சிரிக்கவில்லை. அதற்காக அவரை நான் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். என்ன ஆசிட் என்று கேட்டார். டேங்கரில் எழுதியிருப்பதைச் சொன்னேன்.

“ஹைட்ரோகுளோரிக். உங்க வயித்துல ஊறுறதும் அதே ஆசிட்தான், தெரியுமா? அளவும் வீரியமும்தான் வேற.”

எனக்கு நம்ப முடியவில்லை. கையுறை இல்லாமல் தொடப் பயப்படுகிற சரக்கு எனக்குள்ளேயே, நான் பிறந்த நாளிலிருந்து! மனைவி என் வயிற்றை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சேரைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

அவர் பொறுமையாகச் சொன்னார். புகை போவது நுரையீரலுக்கு, வயிற்றுக்கு இல்லை. அதற்கு முகமூடியும், புகையை இழுக்கிற ஃபேனும்தான் மருந்து. நுரையீரலுக்கு வந்த ஆபத்துக்கு வயிற்றுக்கு மாத்திரை போட்டிருக்கிறீர்கள். கறியும் மீனும் முட்டையும் பருப்பும் உடம்பில் சேர வேண்டுமானால் முதலில் அந்த ஆசிட்டில் ஊறி இளக வேண்டும். அது இளக்கிக் கொடுத்தால்தான் அங்கே சுரக்கிற மற்றச் சாறுகள் தங்கள் வேலையைச் செய்ய முடியும். இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள அது உதவுகிறது. நரம்புக்கு வேண்டிய ஒரு வைட்டமின் கறிக்குள்ளே இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும். அதைக் கழற்றிவிடுகிற வேலையைத் தொடங்கி வைப்பது அந்த ஆசிட்தான். தண்ணீரிலும் சோற்றிலும் வருகிற கிருமிகளில் பெரும்பாலானவை அந்த இடத்தைத் தாண்ட முடியாது. நல்ல ஆளைக் காவலுக்கு வைத்துவிட்டு, தினமும் அவனைக் கட்டிப்போட்டிருக்கிறீர்கள் என்றார்.

“அப்ப அது வயித்தயே அரிச்சிடாதா டாக்டரம்மா?” என்று கேட்டாள் மனைவி.

“உங்க வீட்டுக்காரர் தொட்டி ஏன் அரிக்கல?”

“உள்ள ரப்பரு ஒட்டிக் கீது” என்றேன், என்னை அறியாமல்.

“வயித்துக்கும் அப்படி ஒரு பூச்சு இருக்கு. வழவழன்னு, தன்னைத் தானே புதுசு பண்ணிக்கும். சில பேருக்கு அது கெட்டுப் புண்ணாயிடும். சில பேருக்கு ஆசிட் மேல ஏறி நெஞ்சு எரியும். அவங்களுக்கு இந்த மாத்திரை நல்ல மருந்து, நானே எழுதிக் குடுக்கிறேன். உங்களுக்குத் தேவையே இல்லாம இத்தனை வருஷம் போட்டதுதான் தப்பாப் போச்சு.”

ரத்தம் எடுத்துப் பார்த்ததில் அவர் நினைத்தது போலவே அந்த நரம்புச் சத்து மிகவும் குறைந்திருந்தது. ஈரலில் அதற்கு ஒரு சேமிப்பு உண்டாம். வருஷக்கணக்கில் அதிலிருந்து எடுத்து ஓட்டிக்கொண்டே இருந்து, தீர்ந்த பிறகுதான் உடம்பு வாய் திறக்குமாம். அந்த வகையில் அதுவும் என்னைப் போலத்தான் போலிருக்கிறது. ஊசி போட ஏற்பாடு செய்தார். மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தாமல் படிப்படியாகக் குறைக்கச் சொன்னார். அடக்கி வைத்திருந்த ஆசிட் திரும்பும்போது கொஞ்ச நாள் ரொம்பவே எரியும், அதைப் பார்த்துப் பயந்து மறுபடியும் ஆரம்பிக்காதீர்கள், தாங்க முடியாவிட்டால் என்னிடம் வாருங்கள் என்றார்.

வாசல் வரைக்கும் வந்த மனைவி, எதையோ மறந்தவள் போலத் திரும்பிப் போய்க் கேட்டாள். “காலு திரும்பிடுமா டாக்டரம்மா?”

“திரும்பலாம். முழுசாத் திரும்புமான்னு இப்பவே சொல்ல முடியாது. அதுவரைக்கும் அந்தப் பலகை மேல நிக்கக் கூடாது.”

அதைச் சூபர்வைசரிடம் சொல்ல வேண்டும். எனக்கு ஆஸ்பத்திரியைவிட அது பெரிய மலை. அவர் அறை வாசல் வரை போய் நிற்பேன், உள்ளே வேறு யாராவது இருந்தால் அதையே சாக்காக வைத்துத் திரும்பிவிடுவேன். இதைப் பார்த்த கூட்டாளி என்ன விஷயம் என்று கேட்டான். சொன்னேன். செருப்பு வரைக்கும் கேட்டுவிட்டுச் சிரித்தவன், காலில் எதுவும் தெரியவில்லை என்றதும் சிரிப்பை நிறுத்தினான். என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனான்.

“சார், இந்த நைனாவுக்குக் கால் மரத்துப் போச்சி. வைத்தியம் பாத்துக்கினு கீறாரு. தொட்டி மேல நின்னார்னா உள்ள வுழுவாரு. உள்ள வுழுந்தா ஆசிட் பாழாப் பூடும். கீழ உக்கார்ற வேலையாக் குடு சார், சரியானதும் நானே மேல ஏத்திக்கினு போறேன்.”

சூபர்வைசர் என்னை ஒரு பார்வை பார்த்தார். காய்ந்த சுருள்களுக்கு அடையாளத் தகடு கட்டுகிற வேலைக்கு மாற்றினார். கொஞ்ச நாளைக்குத்தான், அதற்குள் சரியாகாவிட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அந்தப் ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்னோடு தினமும் வீட்டுக்கு ரயில் ஏறி வந்தது.

மாத்திரை குறைந்து நின்ற நாட்களில் டாக்டரம்மா சொன்ன எரிச்சல் வந்தது. நெஞ்சுக்குழியில் அடுப்பு மூட்டியது போல. என் கூட்டாளிக்கு அதைக் காணப் பொறுக்கவில்லை.

“பேஜாரு புடிச்ச டாக்டரா கீதே! ஒண்ணே ஒண்ணு போடு நைனா, யாருக்குத் தெரியப் போவுது?”

டப்பாவைக் கழற்றி என் மடியிலேயே வைத்தான். அட்டையைக் கையில் எடுத்தேன். எரிச்சலைவிட எனக்குப் பெரிதாகத் தெரிந்தது கீழே கிடந்த என் பாதம்தான். திருப்பிக் கொடுத்துவிட்டேன். வீட்டில் மனைவி, படுத்தால் ஆசிட் மேலே ஏறாமல் இருக்கக் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குச் செங்கல் வைத்து உயர்த்தினாள். சோற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போட்டாள். மென்று தின்னாவிட்டால் தட்டைப் பிடுங்கினாள். “வயித்துல வேல செய்ய வேண்டியவன் இப்பதான் தூங்கி எழுந்துக்கினு கீறான். அவன் தலைல மூட்டையத் தூக்கிப் போடாத, மென்னு அனுப்பு” என்பாள். ஊசி போடும் நாட்களில் கிரைண்டரை நிறுத்திவிட்டுக் கூடவே வந்தாள். எரிச்சல் மெல்லத் தணிந்தது.

தகடு கட்டிக்கொண்டே நான் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆசிட் தளர்ந்துவிட்டால் எங்களுக்குத் தெரிந்துவிடும். நுரை சோம்பலாக எழும். கம்பி எவ்வளவு நேரம் ஊறினாலும் கருப்பு ஒட்டிக்கொண்டே வெளியே வரும். இழுக்கிற இடத்தில் கம்பி அறுந்து, அங்கிருந்து எங்களைத் திட்டுவார்கள். அப்போது யாரும் சுண்ணாம்பைத் தேட மாட்டோம். புது ஆசிட் கேட்டுத்தான் கத்துவோம். இத்தனை வருஷம் அதன் பக்கத்திலேயே நின்றேன். ஆனாலும் தொட்டிக்கு ஒரு நியாயம், வயிற்றுக்கு ஒரு நியாயம் என்று வைத்திருந்தேன். தொட்டிக்கு ஆசிட் டேங்கரில் வர வேண்டும். வயிறு அதைத் தானே செய்துகொள்கிறது. சோற்றைப் பார்த்தாலே, வாசனை வந்தாலே செய்யத் தொடங்கிவிடுகிறது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். கேட்காமல் கொடுக்கிற ஒன்றுக்கு நான் தினமும் பூட்டுப் போட்டேன். பூட்டைத் திறந்ததும் அது கோபம் வைத்துக்கொள்ளாமல் வேலைக்கு வந்துவிட்டது.

ஒரு நாள் டீ நேரத்துக்கு முன்னால் என் வயிறு சத்தம் போட்டது. பக்கத்தில் இருந்தவனுக்குக் கேட்கிற அளவுக்கு. முதலில் எனக்கு அது என்னவென்று பிடிபடவில்லை. பசி! பல வருஷங்களாக நான் நேரம் பார்த்துத்தான் தின்றுகொண்டிருந்தேன். அன்று டிபன் பாக்ஸை முன்னதாகவே திறந்து, பருப்புச் சோற்றை அவித்த முட்டையோடு தின்றேன். முட்டையின் வாசனை, பருப்பின் வாசனை என்று தனித்தனியாகத் தெரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. எதிரே உட்கார்ந்திருந்த கூட்டாளி, “உப்பு கம்மியா நைனா?” என்று கேட்டான்.

நான் தேறி வருவதைப் பார்த்துத் தொட்டிக்காரர்கள் ஒவ்வொருவராக அதே டாக்டரம்மாவிடம் போனார்கள். பெரும்பாலானவர்களை அவர் மாத்திரையிலிருந்து விடுவித்துவிட்டார். என் கூட்டாளிக்கு மட்டும் உள்ளே நிஜமாகவே புண் இருந்தது. சில மாதங்கள் கட்டாயம் மாத்திரை போட வேண்டும் என்று அவர் கைப்பட எழுதிக் கொடுத்தார். அன்று முழுவதும் அவனைப் பிடிக்க முடியவில்லை. “பாத்தியா, நம்முளது கவருமெண்டு மாத்திர! நீங்கள்ளாம் டூப்ளிகேட்டு!” என்று சொல்லிச் சொல்லி எல்லாருக்கும் சீட்டைக் காட்டினான். ஹெல்மெட் ஆணியில் இருந்த டப்பாவில் இப்போது மாத்திரைக்குப் பதில் வெல்லம் இருக்கிறது. நல்ல முகமூடி வேண்டும் என்று நாங்கள் சேர்ந்து போய்க் கேட்டோம். அதில் நானும் நின்றேன், கடைசி வரிசையில். முகமூடி வந்தது.

கால்தான் கடைசியாக வந்தது. ஊசி போட்டுக்கொண்டே இருந்தும் வெகு நாள் எதுவும் தெரியவில்லை. பிறகு எறும்பு ஊர்வது போலக் குறுகுறுத்தது. தூங்கவிடாத குறுகுறுப்பு. மனைவியிடம் சொன்னால், “ஊரட்டும், ஊரட்டும். ஆள் உள்ள கீறான்னுதான அர்த்தம்?” என்றாள். ஆஸ்பத்திரியில் அந்தக் கவை இரும்பை வைக்கும்போதெல்லாம் மூச்சை அடக்கிக் காத்திருப்பேன். கணுக்காலில் லாரி கொஞ்சம் கிட்டே வந்தது. கட்டைவிரலில் மட்டும் ஒன்றும் சரியாகப் பிடிபடவில்லை. சூபர்வைசர் இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

தினமும் சாயங்காலம் நான் கேட்டைத் திறக்கும்போது, உள்ளே இருந்தே மனைவி கேட்பது எங்கள் தெருவுக்கே பழகிப் போயிருந்தது. “செருப்பு ரெண்டும் கீதா?” நான் குனிந்து பார்த்துவிட்டு, “கீது” என்பேன். குனிந்து பார்க்காமல் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

நல்ல வெயில் காலத்தில் ஒரு நாள். முதல் ஷிப்டு முடிந்து மதியம் ரயிலை விட்டு இறங்கி நடந்தேன். ரோடு கொதித்துக்கொண்டிருந்தது. நாலு எட்டு வைத்திருப்பேன், வலது செருப்பின் வார் பிய்ந்தது. பிய்ந்த அந்த நொடியிலேயே எனக்குத் தெரிந்தது. விரலிடுக்கில் இருந்த பிடி நழுவியது, செருப்பு வழுக்கியது, ரோட்டுச் சூடு பாதத்தில் ஏறியது, எல்லாம் தெரிந்தது. நான் குனிந்து பார்க்கவே இல்லை. அப்படியே நின்றேன். சூடு தாங்காமல் காலைத் தூக்கினேன். மறுபடியும் வைத்துப் பார்த்தேன். மறுபடியும் சுட்டது. சைக்கிளில் போன ஒருவர் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். எனக்குக் கூச்சமே வரவில்லை.

நல்ல செருப்பையும் கழற்றினேன். இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். தார் சுட்டது, ஓரத்து மண் சுட்டது, சரளைக் கல் குத்தியது. கல் ஒவ்வொன்றும் எந்த இடத்தில் குத்துகிறது என்று சொல்ல முடிந்தது. ஒவ்வொன்றுக்கும் நன்றி சொல்லிக்கொண்டே வந்தேன். கல்லுக்கு, ஊசிக்கு, டாக்டரம்மாவுக்கு, செங்கல் வைத்து உயர்த்திய கட்டிலுக்கு, உள்ளே யாருக்கும் தெரியாமல் ஊறிக்கொண்டிருக்கும் அந்த ஆசிட்டுக்கு.

கேட்டைத் திறந்தேன். கிரைண்டர் சத்தத்துக்கு மேல் அவள் குரல் வந்தது.

“செருப்பு ரெண்டும் கீதா?”

“ரெண்டும் கைல கீதுமே” என்றேன். “கால் சுடுது.”

கிரைண்டர் நின்றது. மாவுக் கையோடு அவள் வாசலுக்கு ஓடி வந்தாள்.